எட்டு மணிக்குப் பூட்டும் கதவு

கடந்த பத்தாண்டுகளில் இந்தியாவின் இளம்பெண்கள் நடத்திய போராட்டங்களில் பல, விடுதி வாசலில் தொடங்கியவை. 2015-ல் டெல்லி, 2017-ல் வாரணாசி, 2018-ல் சண்டிகர், 2022-ல் கோழிக்கோடு என்று ஊர்கள் மாறினாலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது. ஆண்கள் விடுதியில் இரவு எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்க, பெண்கள் விடுதியை மட்டும் ஏழுக்கும் எட்டுக்கும் பூட்டுவது ஏன்?

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வரதட்சணைச் சாவுகளும் பாலியல் வன்கொடுமைகளும் நடக்கும் நாட்டில் ஒரு மணி நேரம் கூடுதலாக வெளியே இருப்பதற்கு ஒரு போராட்டமா என்று அந்தக் காலத்தில் பலரும் கேட்டார்கள். ஆனால் அந்த மாணவிகள் பேசியது வெறும் நேரத்தைப் பற்றி அல்ல. தெருவில் ஆபத்து இருக்கிறதென்றால், ஆபத்தை உண்டாக்குபவரைத் தடுக்க வேண்டுமா, ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைப் பூட்டிவைக்க வேண்டுமா? இளம் தலைமுறைப் பெண்ணியம் இந்தியப் பொதுவாழ்வின் முன் வைத்த மையமான கேள்வி இது. விடுதிக் கதவில் தொடங்கிய இந்தக் கேள்வி பிறகு வகுப்பறைக்கும் மருத்துவமனைக்கும் நூற்பாலைக்கும் சென்று சேர்ந்தது.

பதிவேடும் கையெழுத்தும்

பெண்கள் விடுதியின் ஒழுங்குமுறை ஒரு பதிவேட்டைச் சுற்றி இயங்குகிறது. வெளியே போகும்போது பெயர், அறை எண், போகுமிடம், காரணம், நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடியும் ஒரு கையெழுத்து. இரவு ஆள் எண்ணிக்கை எடுக்கும்போது அறையில் இருந்தாக வேண்டும். வெளியூர் போக அவுட்பாஸ் தேவை. அதில் பெற்றோரின் ஒப்புதல் அல்லது உள்ளூரில் உறவினர் ஒருவர் ‘லோக்கல் கார்டியன்’ என்ற பெயரில் இடும் கையெழுத்து இருக்க வேண்டும். பல விடுதிகளில் வார்டன் வீட்டுக்கே போன் போட்டு உறுதி செய்துகொள்வார். பத்து நிமிடத் தாமதம்கூட அப்பாவின் காதுக்குப் போய்விடும். தவறு செய்ததாகக் கருதப்படும் மாணவிக்கு அபராதம், எச்சரிக்கைக் கடிதம், கடைசியில் விடுதி நீக்கம்.

இந்த மாணவிகள் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். வாக்களிக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் வாகனம் ஓட்டவும் சட்டம் அவர்களை அனுமதிக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு நூலகத்தில் இருக்க மட்டும் விடுதி அனுமதிப்பதில்லை.

இதன் விலை படிப்பில் தெரியும். நூலகம் இரவு வரை திறந்திருக்கும் வளாகத்தில் மாணவர்கள் பத்து மணி வரை படிக்க, மாணவிகள் ஏழரை மணிக்கே புத்தகத்தை மூடிவிட்டு ஓட வேண்டியிருக்கும். ஆய்வகச் சோதனை பாதியில் நிற்கும். மாலை நேரப் பகுதிநேர வேலைக்குப் போக முடியாது. கருத்தரங்கு, நாடக ஒத்திகை, மாணவர் சங்கக் கூட்டம் எல்லாமே மாலைக்குப் பிறகுதான் நடக்கும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் மைய நூலகத்துக்குள் மகளிர் கல்லூரியின் இளநிலை மாணவிகள் அனுமதிக்கப்படாத நிலை 2014 வரை நீடித்தது. அந்த ஆண்டு நவம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அந்தக் கதவு திறந்தது.

இந்தத் தலைமுறை ஏன் கேட்டது

இந்தியாவில் உயர்கல்வி கற்கும் பெண்களின் எண்ணிக்கை 2014-15-ல் 1.57 கோடியாக இருந்தது. 2021-22-ல் அது 2.07 கோடி ஆனது. அந்த ஆண்டு உயர்கல்வியில் இருந்த 4.33 கோடிப் பேரில் ஏறக்குறைய சரிபாதி பெண்கள். தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் அப்போது 47 சதவீதம். நாட்டிலேயே முன்வரிசையில் உள்ள மாநிலங்களில் ஒன்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் இங்கே தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது.

இப்படி வீட்டைவிட்டுப் படிக்க வந்த பெண்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். சொந்த ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து விடுதியில் தங்கித்தான் அவர்கள் படிக்க முடியும். விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் தனியார் தங்குமிடம். அங்கே வாடகையும் அதிகம், கட்டுப்பாடும் அதிகம். படிப்புக்காகக் கடன் வாங்கியோ நிலத்தை அடகு வைத்தோ வந்தவர்களுக்கு விடுதியின் ஒவ்வொரு விதியும் நேரடியாக வாழ்க்கையைத் தொடுகிறது. விடுதி இவர்களின் அரசியலுக்குத் தொடக்கக் களமானதற்கு இதுவே காரணம்.

முன்னே நடந்தவர்கள்

இந்தக் கேள்விக்கான அடித்தளத்தை முந்தைய தலைமுறைப் பெண்கள் போட்டிருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பழங்குடிச் சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அதைக் கண்டித்து 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடல் நாடு தழுவிய மகளிர் இயக்கத்தைக் கிளப்பியது. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசு ஊழியர் பன்வாரி தேவி 1992-ல் கும்பல் வன்கொடுமைக்கு உள்ளானார். அதையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 1997-ல் விசாகா நெறிமுறைகள் பிறந்தன. பணியிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுப்பது வேலை தருபவரின் பொறுப்பு என்று இந்தியாவில் முதன்முறையாக அவை வரையறுத்தன.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் இந்த வரலாற்றில் முக்கிய இடம் உண்டு. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவுப் பணி செய்யக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி வாய்ப்பை மறுப்பது பாகுபாடே என்பதும், பாதுகாப்பான போக்குவரத்தும் ஓய்விடமும் தருவது நிர்வாகத்தின் கடமை என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். விடுதி மாணவிகள் பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சொன்ன வாதத்தின் சட்ட வடிவம் அதிலேயே இருந்தது.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை, தலைநகரின் தெருக்களை இளைஞர்களால் நிறைத்தது. நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான குழு ஒரே மாதத்தில் ஏறக்குறைய 80,000 ஆலோசனைகளைப் பெற்று அறிக்கை தந்தது. 2013-ல் குற்றவியல் சட்டத் திருத்தமும், பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டமும் வந்தன. அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த பணிக்குழு, மாணவிகளின் பாதுகாப்பைச் சாக்காக வைத்து மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை அவர்கள் மீது சுமத்தக் கூடாது என்று பரிந்துரைத்தது. பிறகு மானியக் குழுவின் ஒழுங்குவிதிகளிலேயே அது இடம்பெற்றது. விதி எழுத்தில் இருந்தது. கதவு பூட்டித்தான் இருந்தது.

2015: கூண்டை உடைப்போம்

2015 ஆகஸ்டில் டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகம், பெண்கள் விடுதியில் இருப்பவர்கள் முன் அனுமதி பெற்று இரவு பத்து மணி வரை வெளியே இருக்கலாம் என்ற சலுகையை விலக்கிக்கொண்டது. எட்டு மணிக்குள் எல்லோரும் உள்ளே வர வேண்டும். இதை எதிர்த்து ஒரு திறந்த மடல் எழுதப்பட்டது. டெல்லி மகளிர் ஆணையம் பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டது. அதையொட்டி டெல்லியின் பல கல்லூரிகளின் மாணவிகள் ஒன்றுசேர்ந்தார்கள். கூண்டை உடை என்று பொருள்படும் ‘பிஞ்ரா தோட்’ என்ற பெயரில் ஓர் இயக்கம் உருவானது.

அதற்குத் தலைவர் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. முதல் வேலையாக அவர்கள் ஒவ்வொரு விடுதியின் விதிகளையும் திரட்டினார்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், எங்கே அவுட்பாஸ் மாதத்துக்கு எத்தனை முறை, எங்கே பெண்களிடம் கூடுதல் கட்டணம், எங்கே உடைக்கட்டுப்பாடு என்று மாணவிகளிடமிருந்தே எழுதி வாங்கினார்கள். அந்தந்தக் கல்லூரியின் தனி விஷயமாகத் தோன்றியது, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது முழு அமைப்பின் வழக்கமாகத் தெரிந்தது. ஜந்தர் மந்தரில் பொது விசாரணை நடத்தி அந்தச் சாட்சியங்களை வாசித்தார்கள். பல்கலைக்கழகச் சுவர்களில் ஓவியம் வரைந்தார்கள். இரவில் விடுதி விடுதியாகப் போய் வாசலில் நின்று கோஷமிட்டு, உள்ளே இருப்பவர்களை வெளியே அழைத்தபடி ஊர்வலம் போனார்கள்.

பெண்ணுக்குத் தனி நேரக் கட்டுப்பாடு கூடாது. பெண்களிடம் விடுதிக் கட்டணம் கூடுதலாக வாங்கக் கூடாது. எல்லாக் கல்லூரியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளோடு பாலியல் தொந்தரவுப் புகார்க் குழு செயல்பட வேண்டும். விடுதி இடங்களைக் கூட்ட வேண்டும். இவை அவர்களின் கோரிக்கைகள். சுதந்திரமும் கட்டணமும் ஒரே பட்டியலில் இருந்தது கவனிக்கத்தக்கது. கட்ட முடியாத வாடகையும் ஒரு பூட்டு என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

வாரணாசியும் சண்டிகரும்

பூட்டு பாதுகாப்பு தருகிறதா என்ற கேள்விக்கு 2017 செப்டம்பரில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்தது. 21ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கு முன்பாக, வளாகத்துக்கு உள்ளேயே, விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவியிடம் பைக்கில் வந்தவர்கள் அத்துமீறினார்கள். விடுதியின் நேரக் கட்டுப்பாட்டை அவர் மீறியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த காவலாளிகள் உதவவில்லை. அந்த நேரத்தில் வெளியே என்ன வேலை என்ற கேள்விதான் அவருக்குக் கிடைத்தது. மறுநாள் காலை மாணவிகள் பல்கலைக்கழகத்தின் முதன்மை வாயிலில் உட்கார்ந்தார்கள். தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா, பொறுப்பாக நடந்துகொள்ளும் காவலர்கள், செயல்படும் புகார்க் குழு ஆகியவற்றையே அவர்கள் கேட்டார்கள். 23ஆம் தேதி இரவு போலீஸ் தடியடி நடத்தியது. அடிபட்டவர்களில் மாணவிகளும் இருந்தார்கள். தலைமைக் கண்காணிப்பாளர் பதவி விலகினார். பல்கலைக்கழக வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

கட்டுப்பாட்டின் ஆழமான தீங்கை இந்நிகழ்ச்சி காட்டியது. நேரம் தவறினால் தண்டனை என்ற விதி இருக்கும் இடத்தில், நேரம் தவறி வரும்போது தொந்தரவுக்கு ஆளான பெண் வாய் திறக்க மாட்டாள். புகார் கொடுக்கப் போனால் முதல் விசாரணை அவள் மீதுதான். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பே நின்றுபோகும். தொந்தரவு செய்பவனுக்கும் இது தெரியும். ஆகவே பெண்ணைக் காப்பதாகச் சொல்லும் விதி, நடைமுறையில் குற்றவாளிக்கே காவல் நிற்கிறது.

சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் போராட்டம் வெற்றியில் முடிந்தது. 2018 செப்டம்பரில் அங்கே மாணவர் பேரவைத் தலைவராக முதன்முறையாக ஒரு பெண், கனுப்பிரியா, தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்கள் விடுதிகளை நாள் முழுதும் திறந்துவைக்க வேண்டும் என்று துணைவேந்தர் அலுவலகத்துக்கு வெளியே மாணவிகள் 48 நாள் தர்ணா இருந்தார்கள். டிசம்பரில் பல்கலைக்கழக செனட் கோரிக்கையை ஏற்றது. அதே ஆண்டில் ராய்ப்பூர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்திலும் மாணவிகள் இதே கோரிக்கையோடு போராடினார்கள்.

நீதிமன்றத்தில் மாணவிகள்

கேரள மாணவிகள் சட்டத்தின் வழியைத் தேர்ந்தார்கள். திருச்சூரின் ஒரு கல்லூரி விடுதி, மாலைக்காட்சி சினிமாவுக்குப் போகக் கூடாது, அரசியல் கூட்டங்களில் பங்கேற்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. மாணவி தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் அந்த விதிகளை ரத்து செய்தது. ஆணுக்கு இல்லாத தார்மிகக் கட்டுப்பாட்டைப் பெண் மீது நிர்வாகம் திணிக்க முடியாது என்பது தீர்ப்பின் மையம். அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோடு அருகே சேளன்னூர் கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கு வந்தது. மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை ஏற்க மறுத்ததற்காக அவரை விடுதியிலிருந்து நீக்கியிருந்தார்கள். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் பிணைந்தது என்று கூறி நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. வார்டனிடம் கைப்பேசியை நீட்ட மறுத்த ஒரு மாணவியால், இந்தியாவில் இணைய உரிமை பற்றிய முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று கிடைத்தது.

2022 இறுதியில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு நேரப் பூட்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். பிரச்சினை செய்பவர்கள் ஆண்கள் என்றால் அவர்களைத்தானே பூட்டிவைக்க வேண்டும் என்று விசாரணையின்போது நீதிபதி கேட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி என்று மாநில அரசு ஆணை பிறப்பித்தது. கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஆனால் சமமாக மூடும் நிலை வந்தது.

பெற்றோரின் பயம்

நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலைப் புறந்தள்ளிவிட முடியாது. கட்டுப்பாடு இருப்பதால்தான் கிராமத்துப் பெற்றோர் பெண்ணை அனுப்புகிறார்கள், கதவைத் திறந்துவிட்டால் பெண்களின் படிப்பே நிற்கும் என்பது அந்தப் பதில். பல மாணவிகளுக்கு இது கண்முன் உள்ள உண்மை. ‘ஹாஸ்டல் ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ என்று சொல்லித்தான் அவர்கள் வீட்டில் சம்மதம் வாங்கியிருப்பார்கள்.

ஆனால் பெற்றோரின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரவு பேருந்து ஓடுகிறதா, விடுதிக்குப் போகும் பாதையில் விளக்கு எரிகிறதா, புகார் கொடுத்தால் எத்தனை நாளில் நடவடிக்கை என்று பெற்றோரிடம் சொல்லக்கூடிய நிர்வாகத்துக்குப் பூட்டு தேவைப்படாது. பூட்டு மலிவானது, விளக்கும் பேருந்தும் செலவு பிடிப்பவை. செலவைத் தவிர்க்க நிர்வாகம் எடுக்கும் குறுக்குவழிக்கு மாணவிகள் தங்கள் மாலை நேரங்களை விலையாகக் கொடுக்கிறார்கள். பெற்றோருக்கும் மகளுக்கும் இடையே நடக்க வேண்டிய உரையாடலில் கல்லூரி அப்பாவின் பக்கம் போய் நின்றுகொள்வது கல்வி நிறுவனத்தின் வேலையும் அல்ல.

பெயர் சொல்லும் துணிவு

கதவைக் கேள்வி கேட்ட தலைமுறை, கதவுக்கு உள்ளே நடப்பதையும் பேசத் தொடங்கியது. 2017 அக்டோபரில் சட்ட மாணவர் ராயா சர்க்கார், தொந்தரவு செய்ததாக மாணவிகளால் குற்றம்சாட்டப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்வியாளர்களின் பெயர்ப் பட்டியலைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். இது பெண்ணியத்துக்குள்ளேயே தலைமுறைப் பிளவை உண்டாக்கியது. விசாரணையும் விவரமும் இல்லாமல் பெயர்களை வெளியிடுவது நீதி முறைக்கு எதிரானது என்று மூத்த பெண்ணியவாதிகள் சிலர் அறிக்கை விட்டார்கள். அந்த முறையை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் அவர்கள்; அவர்களின் கவலைக்கு நியாயம் உண்டு. புகார்க் குழுக்களில் பேராசிரியரின் நண்பர்களே அமர்ந்திருக்கிறார்கள், புகார் செய்தவரின் ஆய்வுப் பட்டம்தான் நின்றுபோகிறது என்று இளையவர்கள் பதில் சொன்னார்கள். அதுவும் அனுபவத்திலிருந்து வந்த சொல். இரு தரப்பும் கேட்டது நம்பத்தகுந்த ஒரு புகார் முறையைத்தான்.

அடுத்த ஆண்டு மீ டூ அலை இந்தியாவுக்கு வந்தது. பத்திரிகையாளர் பிரியா ரமணி உட்படப் பலர் குற்றம்சாட்டிய நிலையில் ஒன்றிய இணையமைச்சர் எம்.ஜே. அக்பர் குற்றச்சாட்டுகளை மறுத்தபடியே பதவி விலகினார். அவர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் ரமணி விடுவிக்கப்பட்டார். பல ஆண்டுகள் கடந்தாலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. தமிழ்த் திரையுலகில் வெளிப்படையாகப் பேசிய பாடகி சின்மயி சில வாரங்களில் டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று சங்கம் காரணம் சொன்னது. பேசுவதற்கு என்ன விலை என்பதைத் தமிழ்நாடு அப்போது பார்த்தது.

2023 மார்ச்சில் சென்னை திருவான்மியூரில் நடனம் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி கவின்கலைக் கல்லூரியில் மாணவிகளும் மாணவர்களும் வளாகத்தில் அமர்ந்தார்கள். ஆசிரியர்கள் சிலர் மீது அவர்கள் பாலியல் தொந்தரவுப் புகார் கூறினார்கள். நிர்வாகம் கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னது. படுக்க இடம் இல்லாமல் ஆக்கினால் போராட்டம் தானாகக் கலைந்துவிடும் என்ற கணக்கு அதில் இருந்தது. அவர்கள் கலையவில்லை. மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் வந்து புகார்களைப் பெற்றார். ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் உதவிப் பேராசிரியர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குரு பக்தி என்ற பெயரில் கேள்வியே எழாமல் இருந்த ஓர் உலகில், மாணவிகள் நடனத்தை விட்டுக்கொடுக்காமல் நியாயத்தைக் கேட்டார்கள்.

யாருடைய விடுதலை?

இந்தத் தலைமுறை தனக்குள்ளும் கேள்வி கேட்டுக்கொண்டது. 2019 தொடக்கத்தில் பிஞ்ரா தோட் இயக்கத்திலிருந்து தலித், பழங்குடி, முஸ்லிம் பெண்கள் சிலர் வெளியேறினார்கள். இயக்கத்தின் முடிவுகளும் மொழியும் ஆதிக்கச் சாதிப் பெண்களின் அனுபவத்தைச் சுற்றியே அமைகின்றன என்பது அவர்களின் விமர்சனம். ஒரு தலித் மாணவிக்கு விடுதி என்பது பூட்டு மட்டுமல்ல. அது கிடைப்பதே போராட்டம். மெஸ் பந்தியிலும் அறைப் பங்கீட்டிலும் சாதி அவளைப் பின்தொடர்கிறது. 1995-ல் ரூத் மனோரமா முன்னின்று உருவாக்கிய தேசிய தலித் பெண்கள் கூட்டமைப்பு சொல்லிவந்த உண்மைதான் இது. பெண் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் சாதியின் ஏற்றத்தாழ்வு கரைந்துவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த விமர்சனத்தின் பொருள் நூற்பாலை விடுதிகளில் புரியும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் ‘சுமங்கலித் திட்டம்’ போன்ற பெயர்களில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பதின்ம வயதுப் பெண்கள் ஆலைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாக வாக்களிக்கப்பட்டது; நடுவில் நின்றால் கைக்கு ஒன்றும் வராது. ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. வெளியே போவது ஆலை வண்டியில், கூட்டமாக, மேற்பார்வையோடு. பெற்றோரைப் பார்க்கவும் கைப்பேசியில் பேசவும் அனுமதி வேண்டும். கல்லூரி விடுதியின் பூட்டு படிப்பைக் குறைக்கிறது என்றால், ஆலை விடுதியின் பூட்டு உழைப்பைக் கட்டிப்போடுகிறது. சங்கத்தில் சேரவோ அதிக நேர வேலையை மறுக்கவோ முடியாத தொழிலாளியை அது உருவாக்குகிறது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதைத் தனிமனிதக் குற்றமாக மட்டும் பார்க்க மறுத்தது. டார்கெட் முடிக்கவில்லை என்று திட்டும் அதிகாரமும் உடலைத் தொடும் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதுதான் காரணம் என்று அது சொன்னது. ஆசிய அடித்தளக் கூலிக் கூட்டமைப்பும் அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பு ஒன்றும் துணை நிற்க, 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் தனி ஒப்பந்தங்கள் வழியே அதில் பிணைக்கப்பட்டன.

அது செயல்படும் விதம் முக்கியமானது. தையல் பிரிவின் லைன்களில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சங்கத்தால் பயிற்சி பெறுகிறார்கள். ஒரு டெய்லருக்குச் சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை சொன்னால் பக்கத்து மெஷினில் இருப்பவரிடமே புகார் கொடுக்கலாம். நிர்வாகத்தோடு முறையான கூட்டம் நடக்கிறது. தீராதவை சுயேச்சையான நடுவர்களிடம் போகின்றன. ஒப்பந்தத்தை ஆலை மீறினால் ஆர்டர் தரும் நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டவை. முதல் ஆண்டில் பதிவான 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டதாக ஒப்பந்தத் தரப்புகள் அறிவித்தன. புகார் செய்பவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது என்ற உறுதி வந்ததும் பெண்கள் பேசினார்கள். பல்கலைக்கழகங்களின் புகார்க் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இந்த ஆலையில் இருக்கிறது.

சிறையும் இரவும்

போராட்டத்துக்குக் கொடுத்த விலை சில இடங்களில் மிகப் பெரியது. பிஞ்ரா தோட் இயக்கத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவிகள் நடாஷா நர்வாலும் தேவாங்கனா கலிதாவும் குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டங்களில் பங்கேற்றவர்கள். 2020 மே மாதம் டெல்லிக் கலவர வழக்குகளில் கைது செய்யப்பட்டு, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் திகார் சிறையில் ஓராண்டுக்கு மேல் அடைபட்டார்கள். நடாஷா சிறையில் இருக்கும்போதே அவருடைய தந்தை கொரோனாவில் இறந்தார். 2021 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியபோது, போராடும் உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் உள்ள கோட்டை அரசு மங்கலாக்குவதாகக் கவலை தெரிவித்தது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். சுதந்திர தினத்துக்கு முந்தைய நள்ளிரவில் ‘இரவை மீட்போம்’ என்ற அழைப்பை ஏற்று வங்காளத்தின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே வாரத்தில் மாநில அரசு, இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும் என்று அறிவித்தது. பழைய பூட்டு புதிய உருவில் திரும்பியது. பெண்கள் இரவில் பணியாற்றக் கூடாது என்று சொல்ல முடியாது, பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் கண்டித்த பிறகு அரசு அதைக் கைவிட ஒப்புக்கொண்டது. 2000-ல் சென்னையில் சொல்லப்பட்டதை இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு உள்ளானார். அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அறிக்கையின் மொழியையும் கசிவையும் கண்டித்த சென்னை உயர் நீதிமன்றம், மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளின் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்கச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. நகரின் நடுவே, சுற்றுச்சுவரும் காவலாளிகளும் உள்ள இடத்தில் இது நடந்தது. பயமின்றிப் புகார் கொடுத்த மாணவியால்தான் ஆறு மாதத்துக்குள் தண்டனை சாத்தியமானது.

மிச்சமிருப்பவை

இந்தத் தலைமுறை சாதித்தவற்றில் முதன்மையானது, பாதுகாப்பு பற்றிய பேச்சில் பொறுப்பை இடம் மாற்றியது. பெண் ஏன் வெளியே போனாள் என்ற கேள்வியின் இடத்தில், விளக்கு ஏன் எரியவில்லை, புகார் ஏன் கிடப்பில் கிடந்தது என்ற கேள்விகள் வந்து அமர்ந்திருக்கின்றன. நீதிமன்றங்கள் அந்த மொழியைப் பேசுகின்றன. மானியக் குழுவின் விதி அதையே சொல்கிறது. ஆனாலும் நாட்டின் பெரும்பாலான தனியார் கல்லூரிகளிலும் சிறுநகர விடுதிகளிலும் பதிவேடும் பூட்டும் அப்படியே இருக்கின்றன. கைரேகைக் கருவி வந்த இடங்களில் கண்காணிப்பு இன்னும் துல்லியமாகியிருக்கிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விடுதி விதி என்பதை அங்கீகாரத்துக்கான நிபந்தனையாக்க வேண்டும். புகார்க் குழுவில் மாணவிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமர வேண்டும். குழு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். புகார் கொடுப்பவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. கல்லூரி இருக்கும் பாதைகளில் இரவுப் பேருந்தும் விளக்கும் வேண்டும். ஏழை மாணவிக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் விடுதி இடங்கள் பெருக வேண்டும். அவற்றுக்குள் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏற்பாடும் வேண்டும். திண்டுக்கல்லில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு மற்ற ஆலைகளுக்கும் போக வேண்டும். படிக்கவும் உழைக்கவும் ஊரைவிட்டு வந்த பெண்ணை வயது வந்த குடிமகளாக நடத்துவதற்கு இவை குறைந்தபட்சத் தேவைகள். இவற்றைச் செய்யும் கடமை அரசுக்கும் நிர்வாகங்களுக்கும் உரியது.